மீசை முளைக்காத நாவலாசிரியர்

"மீசையை எடுத்துடுங்க மாஸ்டர். தலைப்பாகையையும் எடுத்துடுங்க. அப்புறம் அந்த முகத்துல இன்னா மிச்சம் இருக்குதோ, அதை வரைஞ்சு குடுங்க."

அவர் என்னிடம் முதன்முதலில் பேசியது இதைத்தான். எழுபதுகளின் கடைசி. நான் ஆம்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். அவர் அந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊரே அவரை 'எக்ஸ்சேஞ்ச் அம்மா' என்றுதான் சொல்லும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, தமிழ்ப் பாடப் புத்தகத்தைப் பிரித்து, அதில் இருந்த ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். பெரிய தலைப்பாகையும் வெள்ளை மீசையுமாக ஒரு பழைய நாவலாசிரியர். நூறு வருஷத்துக்கு முந்தையவர். அவருடைய நாவலிலிருந்து நாலு பக்கம் பாடமாக வரும். பையன்கள் அந்தப் படத்துக்குப் பேனாவால் மூக்குக் கண்ணாடி போட்டு வைத்திருப்பார்கள்.

"இவரு பதினாறு வயசுல எப்படி இருந்திருப்பாரு?" என்று கேட்டார்.

"எதுக்கு மேடம்?"

"துப்பறியப் போறாரு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த நாவலாசிரியர் இளம் வயதில் என்ன செய்தார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த இடைவெளியில் அவரை வேலூருக்குக் கொண்டுவந்துவிட்டார் எக்ஸ்சேஞ்ச் அம்மா. அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. குடியிருப்பது கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சந்து. பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காது, ஊர் வம்பு பிடிக்கும். பாலாற்று மணலில் ஒரு செருப்பு கிடந்தால், அதைப் போட்டிருந்தவன் எந்தக் காலைச் சாய்த்து நடப்பான் என்று சொல்லிவிடுவான். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் படிக்க இப்படிச் சின்னச் சின்னப் புத்தகங்களாக எழுத வேண்டும் என்பது எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் ஆசை. கதைக்குள் அவனுக்குப் பெயரே கிடையாது. எல்லாரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். இன்னார் என்பது பாடப் புத்தகம் படித்த பிள்ளைகளுக்குத் தானே தெரிந்துவிடும்.

மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். மீசையை எடுத்த பிறகு அந்த முகத்தில் மிஞ்சியது ஒரு குறும்புதான். படத்தைப் பார்த்துவிட்டு, "இவன் பொய் சொல்லுவான் போல இருக்குதே" என்றார். பிறகு, "பரவால்ல, அப்படியே இருக்கட்டும்" என்று எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அவர் புத்தகங்களுக்கு நான்தான் படம்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் சொல்லாதவற்றைத்தான் சொல்ல வேண்டும். அப்போது ஊருக்குள் பேசுவதானாலும் எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் பேச வேண்டும். தோல் பதனிடும் டேனரி முதலாளிகளின் மெட்ராஸ் பேச்சு, கான்பூர் பேச்சு, சம்பந்தி வீட்டுச் சண்டை, ஆஸ்பத்திரிச் செய்தி, எல்லாம் அவர் கை வழியாகப் போகும். ஒரு பேச்சும் அவர் வாய் வழியாக வெளியே வந்ததில்லை. காதில் மாட்டும் கருவி தலைமுடியில் ஒரு பள்ளம் போட்டிருக்கும். வேலை முடிந்து வெளியே வந்ததும் அந்தப் பள்ளத்தை விரலால் நீவிவிடுவார். கேட்டதை எல்லாம் அங்கேயே உதறிவிட்டு வருகிற மாதிரி இருக்கும்.

எங்கள் தலைமையாசிரியர் வீட்டுக்கு ஒரு சமயம் தினம் சாயங்காலம் போன் வந்தது. எடுத்தால் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்கும், பிறகு வைத்துவிடுவார்கள். வீட்டில் வயதுப் பெண் இருந்ததால் அவர் நடுங்கிப்போனார். என்னையும் கூட்டிக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போனார். வாசலில் நின்றே விஷயத்தைச் சொன்னார்.

"நான் பார்க்கிறேன் சார்" என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா.

ஒரு வாரத்தில் போன் நின்றுவிட்டது. தலைமையாசிரியர் மறுபடி போனார்.

"யாருன்னு சொல்லும்மா. போலீஸ்ல குடுக்கறேன்."

"நின்னுடுச்சா சார்?"

"நின்னுடுச்சு. யாரு?"

"நின்னுடுச்சுன்னா சரி சார்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மேலதிகாரி வரைக்கும் புகார் செய்தார். இவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு என்னிடம் மட்டும், "பேசணும்னு போன் போட்டு, பேச முடியாம வச்சிட்ட ஆளு மாஸ்டர். கொஞ்சம் தைரியம் சொன்னேன், அவ்ளோதான்" என்றார். அடுத்த மாதம் தலைமையாசிரியர் வீட்டுத் திருமண நிச்சயத்தில், பங்காளிச் சண்டையில் பிரிந்துபோய் ஊரே மறந்துவிட்ட அவருடைய அண்ணன் முன்னால் நின்று பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். நான் எக்ஸ்சேஞ்ச் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சாம்பாருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

தம்பியும் அப்படித்தான். குற்றவாளியைக் கண்டுபிடித்ததும் கூட்டம் கூட்டிப் பெயர் சொல்ல மாட்டான். தனியாகப் போய் ஒரு கேள்வி கேட்பான். அந்த ஆளே பொருளைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். "இது இன்னா மேடம், கடைசியில ஒரு அடிதடி கூட இல்ல" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆனாலும் படித்தார்கள். மூன்று புத்தகம் வந்து, வேலூர் முதல் வாணியம்பாடி வரை பள்ளிக்கூடங்களில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்தது.

நாலாவது புத்தகம்தான் வம்பு. இந்த முறை அடிதடி வேண்டும் என்று கேட்ட பிள்ளைகளுக்காக, கடைசிக் காட்சியில் தம்பி ஊர் நடுவில் நின்று திருடன் பெயரைச் சொல்வதாக எழுதினார். பாலாற்றங்கரையில் ஒரு பழைய டேனரி. மெட்ராஸுக்கு அனுப்ப வைத்திருந்த பதனிட்ட தோல் ஒரு வண்டி நிறையக் காணாமல் போகிறது. பின்கதவைத் திறந்துவிட்டவன், சுண்ணாம்புக் குழியில் தோல் ஊறப்போடும் முனியன். இதுதான் அவர் எழுதியது. நான் கையெழுத்துப் பிரதியைப் படித்துத்தான் படம் போட்டிருந்தேன்.

அச்சாகி வந்த புத்தகத்தில் திருடன் முனியன் இல்லை. டேனரிக் கணக்குப்பிள்ளை.

நாங்கள் இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. தெரிந்த கதையை யார் மறுபடி படிக்கிறார்கள்? என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் பிடித்தார்கள்.

"சார், கணக்குப்பிள்ளை எப்படி சார் திருடினாரு? மூணாவது அத்தியாயத்துல அவரு ஆற்காட்டுல கல்யாணத்துல இருந்தாரே."

வாங்கிப் படித்தேன். கடைசி அத்தியாயத்தில் முனியன் என்று இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கணக்குப்பிள்ளை. அதற்கேற்ப நாலைந்து வரிகளும் மாற்றம். ஓடிப்போய் எக்ஸ்சேஞ்ச் அம்மாவிடம் காட்டினேன். படித்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். முகம் சிவந்து, மூக்கு நுனி நடுங்கியது. புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி, புத்தகம் அச்சடித்த வேலூர் பிரஸ்ஸுக்குப் போனோம். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி, தனக்குத் தானே பேசுவது போல் சொல்லிக்கொண்டு வந்தார்.

"கடைசி புரூஃப் நான்தான் பார்த்தேன். அதுல முனியன்தான் இருந்தான். அப்போ அதுக்கப்புறம்தான் மாத்தியிருக்கணும். மெஷின் ஓட்டறவருக்கு அச்சுக் கோக்கத் தெரியாது. முதலாளி பாய்க்கு உருது ஓடும், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாரு. மிச்சம் கோக்கற ரெண்டு பேர்."

பிரஸ்ஸில் அச்சுக் கோக்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வயதான கம்போசிட்டர். முதல் நாலு அத்தியாயம் கோத்துவிட்டுக் கண் ஆபரேஷனுக்குப் போனவர், கடைசி அத்தியாயத்துக்குத் திரும்பி வந்திருந்தார். இன்னொருவர் செல்வி. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. ஐந்தாவது அத்தியாயத்திலிருந்து சேர்ந்தவள்.

"இப்படி மாத்தினா கதை ஒட்டாதுன்னு மாத்தின ஆளுக்குத் தெரியல மாஸ்டர். ஆற்காட்டுக் கல்யாணம் தெரியல. மூணாவது அத்தியாயத்தை ஒவ்வொரு எழுத்தா எடுத்து வச்ச பெரியவருக்கு அது தெரியாம இருக்குமா?"

"அப்போ அந்தப் பொண்ணா?"

பஸ் விரிஞ்சிபுரத்தில் நின்றது. வெள்ளரிப் பிஞ்சு வாங்கி எனக்கு ஒன்று கொடுத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விஷயம் எங்களுக்கு முன்பே பிரஸ்ஸுக்கு வந்துவிட்டிருந்தது. யாரோ ஒரு புத்தகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பிரஸ் முதலாளி பாய், பெரியவரை நிற்க வைத்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"கண்ணு சரியா தெரியலன்னா வூட்ல இரு. நான் வேணான்னா சொன்னேன்? ஒரு பேருக்கு இன்னொரு பேர் கோத்துட்டு, என் பிரஸ் பேரு கெட்டுப்போச்சு. எவ்ளோ பேஜாரு பாரு. திங்கக்கிழமையிலேர்ந்து வராதே."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் கோத்தது ஞாபகம் இல்லீங்களே பாய்" என்று மட்டும் சொன்னார். தான் செய்திருக்கலாமோ என்ற பயம் அவருக்கே வந்துவிட்டிருந்தது. அச்செழுத்துக் கேஸுக்குப் பின்னாலிருந்து செல்வி வந்தாள். விரல்களில் மை. உதடு திறந்தது.

அவள் பேசுவதற்கு முன்னால் எக்ஸ்சேஞ்ச் அம்மா பேசிவிட்டார்.

"பாய், பெரியவரைத் திட்டாதீங்க. நான்தான் மாத்தச் சொன்னேன்."

பாய் திரும்பினார். "நீங்களா மேடம்?"

"கடைசி நேரத்துல போன் பண்ணிச் சொன்னேன். இங்க யாரோ எடுத்தாங்க, மாத்திட்டாங்க. ஆற்காட்டை நான் மறந்துட்டேன். தப்பு என் மேலதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்ல மேடம்?"

"சொல்லியிருக்கணும் பாய்."

எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் போன் பண்ணினேன் என்று சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? பாய் தலையில் அடித்துக்கொண்டு, டீ சொல்லி அனுப்பினார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். செல்வி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஹோட்டலில் எங்கள் எதிரில் அவள் வந்து உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே பின்னால் நடந்து வந்திருந்தாள். எக்ஸ்சேஞ்ச் அம்மா மூன்று காப்பி சொன்னார். காப்பி வந்து ஆறியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அடுத்தவங்க எழுதினதை மாத்தலாமா? படிச்ச பொண்ணுதானே நீ?" என்றேன்.

"மாஸ்டர்" என்று என்னை நிறுத்தினார். அவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "முனியனை இன்னாத்துக்கு உனக்கு அவ்ளோ பிடிச்சுது?"

செல்வி டம்ளரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எங்க நைனா சுண்ணாம்புக் குழியில நின்னவருங்க. ஆம்பூர்லதான். கால் ரெண்டும் வெந்து போய் இருக்கும். உங்க மூணு புக்கும் நான் படிச்சிருக்கேன். இந்த புக்கு கோக்க வந்தப்போ, டேனரி வருதுன்னு சந்தோஷமா இருந்துச்சு. கதையில முதலாளி வர்றாரு, துரை வர்றாரு, வண்டிக்காரர் வர்றாரு. குழியில வேலை செய்யறவரு ஒருத்தர்தான் வர்றாரு. அந்த ஒருத்தரும் திருடன்."

எக்ஸ்சேஞ்ச் அம்மா தன் டம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

"படிக்கிறவங்க ஒரு தடவை படிச்சிட்டுப் போய்டுவாங்க. நான் அந்தப் பேரை எழுத்து எழுத்தா எடுத்து அடுக்கணும். பக்கத்துலயே திருடன்னு அடுக்கணும். புரூஃபுக்கு அடுக்கிக் குடுத்துட்டேன், அப்புறம் மனசு கேக்கலீங்க. கணக்குப்பிள்ளைன்னு மாத்திட்டேன். பெரியவருக்கு வேலை போற அளவுக்கு வரும்னு நினைக்கல. நான் பாய்கிட்ட சொல்லிடறேன்."

"சொல்ல வேணாம்."

"தப்பு நான்தானே பண்ணேன்?"

"ஆமா. நீ பண்ணது தப்பு. எனக்கு இன்னும் கோவம் போகல." காப்பியை ஒரு வாய் குடித்தார். "நான் பண்ணதும் தப்பு. யாரைத் திருடனா வைக்கலாம்னு நான் தேடவே இல்ல. அவன் சும்மா கைக்குக் கெடச்சான். ரெண்டு தப்பும் ஒரே புக்ல வந்துடுச்சு."

டம்ளரை வைத்துவிட்டு, "ஆனாலும் கணக்குப்பிள்ளை ஆற்காட்டுல இல்ல இருந்தாரு?" என்றார்.

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? மூணாவது அத்தியாயம் நான் கோக்கலையே."

முதலில் சிரித்தது எக்ஸ்சேஞ்ச் அம்மாதான். பிறகு அவளும் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்காக அவர் பட்டது கொஞ்சமில்லை. வேலூரில் ஒரு நூலக விழாவில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மேடையில், "தன் கதையில் யார் எங்கே இருந்தார் என்பது ஆசிரியைக்கே நினைவில்லை. இவர் எப்படித் துப்பறிவார்?" என்றார். சபை சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். நான் எழுந்து ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகள் எழுதிய கேலிக் கார்டுகள் வந்தபடி இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: 'ஆமாம், தப்புத்தான். அடுத்த புத்தகத்தில் தம்பியையே கேட்போம்.'

அடுத்த புத்தகத்தின் முதல் காட்சி, தம்பி வீட்டு வாசலில் கணக்குப்பிள்ளையின் மனைவி வந்து நிற்பது. "அன்னைக்கு என் வீட்டுக்காரர் ஆற்காட்டுல இருந்தாருப்பா. நீயே அதைக் கேட்டு வச்சிருந்தியே, மறந்துட்டியா?" என்று அந்த அம்மா கேட்கிறாள். தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி முதலிலிருந்து விசாரிக்கிறான். இந்த முறை டேனரிக்குள் போகிறான். குழியில் நிற்பவர்களிடம், தோல் சீவுபவர்களிடம் பேசுகிறான். முனியன் வருகிறான், அவன் மனைவி வருகிறாள், அவர்கள் பேச்சும் பாட்டும் சண்டையும் வருகின்றன. கடைசியில் பார்த்தால் தோல் களவே போகவில்லை. கடன்காரர்களை ஏமாற்ற முதலாளியே ஒளித்து வைத்திருக்கிறார். நாலு பேர் நடுவில் தான் சொன்ன பெயரை, அதே நாலு பேர் நடுவில் நின்று தம்பி திரும்ப வாங்கிக்கொள்கிறான். கணக்குப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

ஒவ்வொரு அத்தியாயமும் எழுதி முடித்ததும் செல்விக்குத்தான் முதலில் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஆம்பூருக்குத் தன் வீட்டுக்கு வரும்போது, அப்படியே எக்ஸ்சேஞ்ச் அம்மா வீட்டுக்கும் வந்துவிடுவாள். இரண்டு பேரும் சண்டை போடுவார்கள்.

"குழியில நின்னுக்கினு யாரும் இப்படி செந்தமிழ் பேச மாட்டாங்க மேடம்."

"எப்படிப் பேசுவாங்க? பேசிக் காட்டு."

அவள் பேசிக் காட்டுவாள். சில வசவுகளைக் கேட்டு, "இதைப் பசங்க படிக்கற புக்ல போட முடியாது" என்று அவர் காதைப் பொத்திக்கொள்வார். நாளெல்லாம் ஊர்ப் பேச்சைக் கேட்கிற காது.

அந்தப் புத்தகம் மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகப் படிக்கப்பட்டது. நாலாவதையும் ஐந்தாவதையும் சேர்த்துப் படித்தால்தான் கதை புரியும் என்பதால் நாலாவதையும் மறுபடி அடிக்க வேண்டி வந்தது. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே அடிக்கச் சொன்னார். அதே பேராசிரியர் எங்களை ஒரு கல்யாணத்தில் பார்த்து, "முதலிலேயே திட்டம் போட்டுத்தானே அந்தத் தவறை விட்டீர்கள்?" என்று பாராட்டினார். "இல்ல சார், தப்புத்தான்" என்றார் இவர். அவர் நம்பவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஆம்பூருக்குத் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. ஊரார் தாங்களே டயலைச் சுற்றிப் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவரைக் காட்பாடிக்கு மாற்றினார்கள். வருத்தமா என்று கேட்டேன். "காது கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும் மாஸ்டர். எவ்ளோ நாளைக்கு அடுத்தவங்க வூட்டுச் சண்டையைக் கேக்கறது?" என்றார். ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சின்ன வீடு. வாசலில் கனகாம்பரம் வைத்தார். எழுதுவதும் குறைந்துவிட்டது. "தம்பிக்கு மீசை முளைக்கற வயசாயிடுச்சு. இனிமே அவரு நாவல் எழுதப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போனாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை. பாய் பிரஸ்ஸில் இப்போது புரூஃப் பார்ப்பதும் அவள்தான். பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து எக்ஸ்சேஞ்ச் அம்மா மடியில் வைத்தாள்.

"தம்பி கதைதான் மேடம். நான் எழுதினேன். நீங்க படிச்சுட்டு கிழிச்சுப் போட்டாலும் சரி."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். நாங்கள் குழந்தைக்கு ரயில் காட்டினோம். சாப்பாட்டு நேரம் தாண்டியது. அவர் எழுந்திருக்கவில்லை. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தி, தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"யாருன்னு தெரிஞ்சு போச்சு" என்றார்.

"சொல்லுங்க மேடம்."

எப்போதும்போலச் சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன். தயங்கினார். "கதையில வர்ற ஆளுதானே மேடம், யாருக்கும் கஷ்டமில்ல" என்றாள் செல்வி.

"படகுக்காரனோட மச்சான்" என்றார், சின்னப் பெண் மாதிரி.

செல்வி தலையை ஆட்டினாள். இல்லை.

"இல்லையா?"

"இல்ல மேடம்."

அவர் கடைசி அத்தியாயத்தைப் படித்தார். பாதியில் ஒரு தரம் "அடிப் பாவி" என்றார். முடித்துவிட்டுத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் எந்தப் படத்திலும் வரைந்ததில்லை.

"ஏமாந்துட்டேன் மாஸ்டர். முழுசா ஏமாந்துட்டேன்."

"குழம்பு ஆறிப்போச்சு மேடம், சாப்பிட வாங்க" என்றாள் செல்வி.

"நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, எந்த இடத்தில் ஏமாந்தோம் என்று பார்க்க, முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தார்.